மாடிக்கு ஏறிய எர்த்

அனுப்புநர்
கோ. தமயந்தி,
க/பெ கோவிந்தப்பா,
வீட்டு எண் 9, இரண்டாம் மாடி,
மங்களம் அபார்ட்மெண்ட்ஸ்,
ஜீவனஹள்ளி மெயின் ரோடு அருகில்,
காக்ஸ் டவுன், பெங்களூர்.

பெறுநர்
உயர்திரு மின் ஆய்வாளர் அவர்கள்,
மின் ஆய்வாளர் அலுவலகம்,
பெங்களூர்.

பொருள்: பழைய அடுக்குமாடிக் கட்டிடத்தைப் புதுப்பிக்கையில் மின் விதிகளும் கட்டிட விதிகளும் கைவிடப்பட்டது – பூமிக்குள் பதிக்க வேண்டிய எர்த் மொட்டை மாடியில் கட்டப்பட்டது – குளியலறைக் குழாய்களில் மின்சாரம் பாய்வது – ஆயுத பூஜையன்று புதிய இணைப்பும் லிஃப்டும் இயக்கப்படுவதற்கு முன் நேரில் வந்து ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனு ஏன் தமிழில் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். கன்னடம் நன்றாகப் பேசுவேன்; எழுதத் தெரியாது. என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி எழுதிக் கொடுத்த கன்னடப் படி ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆனால் நான் கையெழுத்துப் போட்டிருப்பது தமிழ் மனுவில்தான். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே வாசிக்கத் தெரியாத காகிதத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. தவிர, இந்தப் புகாரே ஒரு வார்த்தையால் வந்தது. தமிழில் சொன்னால்தான் அது விளங்கும்.

1. மேற்படி கட்டிடம் 1974-ல் கட்டியது. தரைத்தளமும் மூன்று மாடிகளும் சேர்ந்து பதினாறு வீடுகள். ஏறி இறங்க ஒரே ஒரு படிக்கட்டு. கட்டிய காலத்தில் ஒரு வீட்டுக்கு நான்கு பல்பு, இரண்டு ஃபேன், ஒரு ரேடியோ. அதற்குத் தகுந்த ஒயரிங்தான் போட்டிருந்தார்கள். பின்பக்கம் கரியும் உப்பும் போட்ட எர்த் குழி ஒன்று இருந்தது. கார் நிறுத்துவதற்காக அங்கே சிமெண்ட் போட்டபோது அதுவும் அடியில் போய்விட்டது. குழியைக் காணோமே என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

2. இன்றைக்கு வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர், சில வீடுகளில் வாஷிங் மெஷின், கீசர். ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கிறார்கள். ஆகவே ஒயரிங் முழுவதையும் மாற்றி, த்ரீ ஃபேஸ் வாங்கி, லிஃப்டும் வைக்கலாம் என்று எங்கள் உரிமையாளர் சங்கம் தீர்மானித்தது. அந்தக் கூட்டத்தில் நானும் கை தூக்கினேன். லிஃப்ட் வேண்டாம் என்றோ, பழையபடி இருட்டிலேயே கிடப்போம் என்றோ சொல்பவள் நான் அல்ல என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். ஏனென்றால் சங்கத்தில் என்னைப் பற்றி அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

3. வேலையை எடுத்தவர் உத்தமன் என்ற ஒப்பந்தக்காரர். லைசென்ஸ் அவருடையது. வேலை செய்தவர் சீனு என்ற ஒயர்மேன். போளூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஒயரை நூல் பிடித்த மாதிரி இழுத்துக் கிளிப் அடிப்பார். பெங்களூருக்கு அப்போதுதான் வந்திருந்ததால் கன்னடம் மட்டும் ஒரு சொல்கூடத் தெரியாது. மின்சாரம் வழங்கும் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி வேலையைப் பார்த்துவிட்டு, கிளம்பும்போது ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே சீனுவிடம் கன்னடத்தில் சொன்னது, வாசலில் நின்ற என் காதிலும் விழுந்தது, இதுதான்: "மொதலு எர்த் மாடி, ஆமேலெ லைன் கொடி." அதாவது, முதலில் எர்த் செய்யுங்கள், அப்புறம் லைன் கொடுங்கள். அதிகாரி சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை.

4. ஆனால் ஐயா, போளூர்க் காதில் அது எப்படி விழுந்தது என்பதைத் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். எர்த், மாடி, மேலே, லைன், கொடி. தமிழில் மாடி என்றால் மேல்தளம். கொடி என்றால் துணி காயப்போடும் கயிறு. எங்கள் மொட்டை மாடியில் கொடி கட்டுவதற்கு இரண்டு இரும்புக் கம்பங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று, தண்ணீர்த் தொட்டியிலிருந்து வீடுகளுக்கு இறங்கும் இரும்புக் குழாயோடு சேர்த்து வெல்டிங் செய்தது. சீனு பதினாறு வீட்டு எர்த் ஒயரையும் ஒழுங்காக மேலே கொண்டுபோய், பச்சை டேப் சுற்றி, அந்தக் கம்பத்தில் நட்டுப் போட்டு முடுக்கிவிட்டார். மண்ணுக்குள் போக வேண்டியது ஆகாயத்துக்குப் போய்விட்டது.

5. இந்த ஊரில் 'மாடி' என்ற சொல்லை வைத்து நாங்கள் கேலி பேசாத நாள் கிடையாது. "ஊட்ட மாடி", அதாவது சாப்பிடுங்கள், என்று உபசரித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி தேடியவர் என் சொந்த மாமாவே. அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்தக் கம்பம் மண்ணைத் தொடவில்லை. கீழே இருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் குழாயையும் இதே புதுப்பிப்பில் பிளாஸ்டிக்காக மாற்றிவிட்டார்கள். புதிய இணைப்பு வரும்வரை பழைய இணைப்பிலிருந்தே புதிய ஒயரிங்குக்குக் கரண்ட் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே எந்த வீட்டு மெஷினில் கொஞ்சம் கரண்ட் கசிந்தாலும் அது நேராக மாடிக்குப் போய், கம்பத்திலிருந்து குழாய் வழியாக இறங்கி, பதினாறு குளியலறையிலும் வந்து நிற்கிறது. யாராவது ஈரக் காலோடு குழாயைத் தொட்டால் அவர் உடம்பு வழியாகத்தான் அது மண்ணுக்குப் போகிறது.

6. ஒவ்வொரு வீட்டிலும் கசிவு கண்டால் தானாக அணையும் ஸ்விட்ச் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். பெட்டி இருக்கிறது; வேலை செய்யவில்லை. மாட்டிய நாளிலிருந்து அது அடிக்கடி கீழே விழுந்து அணைந்துகொண்டே இருந்ததாம். தொந்தரவாக இருக்கிறது என்று உத்தமன் அதை விட்டுவிட்டு நேரடியாக ஒயர் கொடுக்கச் சொல்லிவிட்டார். ஏன் விழுகிறது என்று பார்க்க வேண்டியவர் அவர். பார்க்கவில்லை. அதற்கு மேல், கட்டிடத்தின் பின்புறம் இரண்டு எர்த் குழிகள் தோண்டிச் சோதித்துப் பார்த்ததாகச் சோதனை அறிக்கையில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார். தாங்கள் எப்போது வந்தாலும் பின்புறத்தைக் காட்டுகிறேன். அங்கே சிமெண்ட் தரையும் இரண்டு கார்களும் மட்டும்தான் இருக்கின்றன.

7. சென்ற மாதம் ஒரு நாள் காலை, பீன்யாவில் லேத் ஆபரேட்டராக வேலை செய்யும் என் கணவர் கோவிந்தப்பா முதல் ஷிஃப்டுக்குப் போவதற்காகக் குளித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஹரிஷ் என்ற பையன் அந்த நேரத்தில் கீசரைப் போட்டிருக்கிறான். எங்கள் வீட்டில் கீசர் கிடையாது. அவர் குழாயைத் திருகினார். பிடித்த கை வரவில்லை. சொம்பு விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். ஆளே வில்லாக வளைந்து நின்றார். மெயினை அணைக்கலாம் என்றால் அது தரைத்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. துணி துவைக்கும் கட்டையை எடுத்து அவர் கையில் ஓங்கி அடித்தேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

8. அவரைக் கீழே இறக்கிய கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுவும் விதி சம்பந்தப்பட்டதுதான். லிஃப்டுக்கு இடம் வேண்டும் என்று படிக்கட்டின் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டார்கள். இப்போது எதிரே ஒருவர் வந்தால் இன்னொருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஆம்புலன்ஸ்காரர்கள் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சர் முதல் திருப்பத்திலேயே மாட்டிக்கொண்டது. கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துப்பட்டாவால் கட்டி, பீரோ இறக்குவது மாதிரி இறக்கினோம். பதினாறு வீட்டு மீட்டர்களும் புதிய மெயின் போர்டும் அதே படிக்கட்டின் அடியில்தான். அங்கே ஒரு பொறி விழுந்தால் மேலே இருப்பவர்கள் எந்த வழியாக இறங்குவது என்று சங்கத்தில் கேட்டேன். நல்லதையே நினைக்கச் சொன்னார்கள்.

9. கடவுள் புண்ணியத்தில் என் கணவர் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல்களுக்கு இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. லேத் முன்னால் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைவிட எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்காக. இத்தனை வருஷம் உழைத்துச் சொந்தமாக வாங்கிய வீட்டில் இருந்துகொண்டு, குளிப்பதற்கு மட்டும் அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஜீவனஹள்ளியில் இருக்கும் தம்பி வீட்டுக்கு நடந்து போகிறார். தெருவில் யாராவது கேட்டால் வாக்கிங் என்கிறார்.

10. இதற்குச் சங்கம் எடுத்த நடவடிக்கைகளைத் தங்கள் மேலான பார்வைக்கு வைக்கிறேன். முதலாவது, எல்லா வீட்டுக்கும் ரப்பர் பாய் கொடுத்தார்கள். குளியலறையில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கவும் சொன்னார்கள். ஹரிஷ் பாவம் பயந்துபோய், தானாகவே கீசரை அணைத்து வைத்துவிட்டான். அப்பாடா என்று இருந்தோம். அடுத்த வாரமே முதல் மாடியில் வாஷிங் மெஷின் போட்டபோது குழாய் மறுபடி கடித்தது. உடனே சங்கம் இரண்டாவதாக ஒரு புதிய ஏற்பாடு செய்தது. யார் எந்த மெஷினைப் போட்டாலும் முதலில் படிக்கட்டில் நின்று குரல் கொடுக்க வேண்டும். இப்போது தினமும் காலையில் "ஆன்ட்டி, மெஷின் போடறேன்!" என்று கீழே ஒரு சத்தம், "இரும்மா, தலையில சீயக்காய் இருக்கு!" என்று மேலே ஒரு சத்தம். வீடு மாதிரியா இருக்கிறது? தற்சமயம் பெரிய மெஷின்கள் நாலைந்து வீட்டில்தான். ஆயுத பூஜைக்குப் புதிய இணைப்பு வந்ததும் பதினாறு வீட்டிலும் கீசர் மாட்டப் போகிறார்கள். அப்புறம் யார் கத்துவது, யார் குளிப்பது?

11. சங்கத்தின் செயலாளர் திரு. அனந்தபத்மநாபன் அவர்கள் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், மரியாதைக்குரியவர். அவரிடம் நேரில் போய் முறையிட்டேன். "பழைய பில்டிங்குக்குப் பழைய ரூல்தாம்மா. நாம என்ன புதுசாவா கட்டறோம்? ரிப்பேர்தானே பண்றோம்" என்றார். ஐயா, இதே சங்கம் வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் 'முற்றிலும் நவீனமாகப் புதுப்பிக்கப்பட்ட வீடுகள் வாடகைக்கு' என்று இருக்கிறது. வாடகை கேட்கும்போது கட்டிடம் புதுசு, விதியைக் கேட்டால் மட்டும் பழசா? பழைய ஒயரை அப்படியே விட்டிருந்தால் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். ஒயரை மாற்றி, லோடை ஏற்றி, படியை வெட்டி, லிஃப்டும் வைத்த பிறகு இன்றைய விதிக்கு உட்பட மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவரைக் கேட்டேன், எங்கள் வீட்டுக்கு வந்து வெறும் காலோடு நின்று குழாயை ஒரு தடவை திறந்து காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன் என்று. "நான் காலையிலேயே குளிச்சாச்சும்மா" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் மனு கெட்டுவிடும்.

12. இப்போது எல்லாப் பழியையும் சீனுவின் தலையில் போடப் பார்க்கிறார்கள். வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது. போலீசில் சொல்வோம் என்று மிரட்டியும் இருக்கிறார்கள். என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், எர்த்தை ஏனப்பா மாடிக்குக் கொண்டுபோனாய் என்று நானே அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அக்கா, சாருதாங்கா சொன்னாரு, எர்த்து மாடி மேல, லைன் கொடியாண்டன்னு. நான் என் இஷ்டத்துக்கா கட்டுவேன்?" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மொழி புரியாவிட்டால் இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். ஆனால் காதில் தப்பாக விழுவது யாருக்கும் நடக்கும். அதற்காகத்தானே மேலே ஒருவர் லைசென்ஸோடு இருக்கிறார்? நான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். ஒரு சட்டையில் பட்டன் தப்பான இடத்தில் இருந்தால் தைத்தவளை மட்டும் கேட்க மாட்டார்கள். பார்க்காமல் 'ஓகே' போட்ட என்னைத்தான் முதலில் கேட்பார்கள். சட்டைக்கு இருக்கும் கணக்கு பதினாறு குடும்பத்துக்கு இல்லையா?

13. ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. அன்று லிஃப்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, புதிய மெயினைப் போடுவதாக ஏற்பாடு. எர்த்தைப் பற்றிக் கேட்டால் பூஜை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். லிஃப்ட் மோட்டார் அறையும் மொட்டை மாடியில்தான் கட்டியிருக்கிறார்கள். அதன் எர்த் ஒயரைப் பக்கத்தில் இருக்கிறதே என்று அதே கொடிக்கம்பத்தில் கட்டிவிட்டார்கள். நேற்று மாடிக்குத் துணி காயப்போடப் போனபோது என் கண்ணால் பார்த்தேன். இத்தனை நடந்த பிறகும் கட்டியிருக்கிறார்கள், ஐயா. துணியை அப்படியே வாளியோடு கீழே கொண்டுவந்துவிட்டேன்.

14. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து, ஆயுத பூஜைக்கு முன்பாக நேரில் வந்து மேற்படி கட்டிடத்தைப் பார்வையிட வேண்டும். மண்ணில் குழி தோண்டி முறையாக எர்த் பதித்து, தங்கள் அலுவலகம் அதைச் சோதித்துப் பார்க்கும்வரை புதிய இணைப்பும் லிஃப்டும் இயங்கக்கூடாது என்று எழுத்தில் உத்தரவிட வேண்டும். கசிவு கண்டால் அணையும் ஸ்விட்சுகளை எல்லா வீட்டிலும் மறுபடி இணைக்கச் செய்ய வேண்டும். பார்க்காமலே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தக்காரர் மேல் விதிப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். சீனுவை மட்டும் பலிகொடுத்துக் கோப்பை மூடிவிடக்கூடாது. படிக்கட்டும் அதற்கு அடியில் இருக்கும் மெயின் போர்டும் தங்கள் அதிகாரத்தில் வராது என்றால், எந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். அங்கேயும் போகிறேன். அரை நாள் லீவு போட்டுப் போய்ப் போய் எனக்குப் பழகிவிட்டது. யாரும் வராவிட்டால் பூஜையன்று காலையில் மெயின் போர்டு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

15. இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் ஒன்று உண்டு. மூன்றாம் மாடி ஹரிஷின் மனைவி கிருத்திகா வேலூரில் தாய்வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறாள். முதல் பிள்ளை, பெண். பூஜை முடிந்ததும் இங்கே வருவதாக இருக்கிறாள். ஹரிஷ் அந்த கீசரை வாங்கி மாட்டியதே குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமே என்றுதான். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டக் கிருத்திகாவுக்குப் பயம். நீங்கள் வந்து ஊற்றுங்கள் ஆன்ட்டி என்று கேட்டிருக்கிறாள். ஆகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் வீடுகளில் கைக்குழந்தைக்கு எப்படித் தண்ணீர் ஊற்றுவோம் என்பது தங்களுக்கும் தெரிந்திருக்கும். புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஈரத் தரையில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலின் மேல் போட்டுக்கொள்வோம். ஒரு கை பிள்ளையைப் பிடித்திருக்கும். இன்னொரு கை குழாயைத் திறக்கும்.

எப்போது வரட்டும் என்று கேட்டு நேற்று கிருத்திகா போன் செய்தாள். தாங்கள் வந்து பார்த்த பிறகு சொல்கிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

தங்கள் வருகைக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
கோ. தமயந்தி

இடம்: பெங்களூர்
நாள்: 4-10-2004

இணைப்பு: இம்மனுவின் கன்னடப் படி, என் கணவரின் மருத்துவச் சான்று.